கட்டற்ற கருவிக்கு இடுக்குவாயில் ஏன்?

கைப்பேசியைத் திறந்தாலும், நீரேற்றியின் இயக்குபெட்டியைத் திறந்தாலும், மருத்துவமனையில் நெஞ்சத்துடிப்பை அளக்கும் கருவியைத் திறந்தாலும், உள்ளே முதலிற் கண்ணிற் படுவது ஒரு பச்சைப் பலகை. கண்ணாடியிழையும் பசையும் இறுகிய தகட்டின்மேல் மெல்லிய செம்பேடு ஒட்டி, வேண்டாத செம்பை அரித்தெடுத்து, எஞ்சிய கோடுகளையே கம்பிகளாகக் கொண்டு, உறுப்புகளைப் பற்றாசு வைத்துப் பொருத்திய பலகை அது. மின்சுற்றுப் பலகை என்பர். இக்காலத்து மின்பொறிகளின் மூளையும் நரம்பும் அதன்மேலேயே அமைகின்றன. அதனைப் பூட்டுவது ஒரு தொழில். வரைவது வேறொரு தொழில். பூட்டத் தெரிந்தவனுக்குக் கூலி கிடைக்கும். வரையத் தெரிந்தவனுக்கே பொறி கிடைக்கும்.

அப்பலகையை இன்று எவரும் மைக்கோலால் வரைவதில்லை, கணினியில் வரைகின்றனர். அதற்குரிய மென்பொருள்கள் நெடுங்காலம் பெருநிறுவனங்களின் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. விலை கொடுக்க இயலாதோர்க்கென ஒரு சிறு திண்ணையை மட்டும் அவை ஒதுக்கி வைத்தன. செருமனியில் 1988-இல் தோன்றிய ஈகிள் என்னும் மென்பொருளின் கதையே இதற்குச் சான்றாகும். மாணவரும் தொழில் தொடங்குவோரும் பெரிதும் நம்பியிருந்த மென்பொருள் அது. விலையின்றிக் கிடைத்த படியில் இரண்டு செம்பேடுகளுக்கு மேலோ, 80 சதுரச் செண்டிமீட்டர் பரப்புக்கு மேலோ வரையவியலாது. 2016-இல் அமெரிக்க நிறுவனமாகிய ஆட்டோடெசுக்கு அதனை விலைக்கு வாங்கிற்று. 2017-இல், ஒருமுறை விலை கொடுத்து என்றும் வைத்துக்கொள்ளும் முறை ஒழிந்து, காலந்தோறும் வாடகை செலுத்தும் முறை வந்தது. 2023-இல், 2026 சூன் 7-ஆம் நாளோடு அம்மென்பொருளின் விற்பனையும் துணையும் நின்றுவிடும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. பழைய படியை வாங்கி வைத்திருந்தோர் அதனைக் கொண்டு ஒருவாறு காலந்தள்ளலாம். ஏனையோர்? தம் கையால் வரைந்த படத்தைத் தாமே திறப்பதற்கு மாற்றான் திறவுகோலை எதிர்நோக்கி நிற்கும் நிலையை அடிமைநிலை என்னாமல் வேறென்ன பெயரிட்டு அழைப்பது?

இந்நிலைக்கு மாற்றாக எழுந்ததே கட்டற்ற மென்பொருள் என்னும் கொள்கை. 1983-இல் அமெரிக்கராகிய இரிச்சர்டு இசுடால்மன் அதனைத் தொடங்கி வைத்தார். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால், அவர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை இவ்விரண்டும் வேறு வேறு என்று விளக்குவதிலேயே கழிக்க நேர்ந்தது. தமிழுக்கு அவ்விடர் இல்லை. 'விலையில்லா' என்பது ஒன்று. 'கட்டற்ற' என்பது பிறிதொன்று. முன்னது கொடுப்பவன் கையைப் பார்ப்பது. பின்னது கொள்பவன் காலைக் கட்டாதது.

மின்சுற்றுப் பலகைத் துறையில் அக்கொள்கையின் வழி வளர்ந்து முதன்மை பெற்றிருப்பது கீகேட் என்னும் மென்பொருள். (தமிழ் முறைப்படி ஈற்றில் உகரம் சேர்த்தால் அப்பெயர் கேட்டில் முடியும். எனவே, ஒலிப்பை ஒட்டி இவ்வாறே எழுதப்படுகிறது.) பிரான்சு நாட்டுக் கிரனோபிள் நகரில் தொழில்நுட்பக் கல்வி ஆசிரியராக இருந்த சான் பியேர் சாராசு என்பார் 1992-இல் அதனைத் தொடங்கினார். தனி ஒருவர் நட்ட செடி அது. 2013 முதல், செனீவாவை அடுத்துள்ள ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வகமாகிய செர்ன் அதற்குத் தன் பொறிஞர்களின் உழைப்பை வழங்கலாயிற்று. ஒரு செம்புத்தடத்தை இழுக்கும்போது வழியில் நிற்கும் பிற தடங்கள் தாமே ஒதுங்கி இடம் விடும் அரிய ஏற்பாடு செர்னிலிருந்து வந்ததே. 2019-இல் கீகேட் இலினக்சு அறக்கட்டளையின் அரவணைப்பிற் சேர்ந்தது. இன்று அதற்குப் பரப்புக் கட்டுப்பாடு இல்லை, வாடகை இல்லை, வணிகத்திற்குப் பயன்படுத்தாதே என்னும் தடையும் இல்லை. மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம்.

இத்துணைச் சிறப்பிருந்தும், அதனைத் தொட்ட புதியோர் பலர் முதற் பலகையை வரைந்து முடிக்கும் முன்பே சோர்ந்து மீண்டனர் என்பதே எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. பூட்டிய கதவுக்கு முன் நிற்பவன் பூட்டியவனை நோவான். திறந்த கதவில் தலை இடித்துக்கொண்டவன் தன்னையே நொந்துகொண்டு திரும்பிவிடுவான். தனக்கு அறிவு போதாதென்று நம்பிவிடுவான். அதுவே பெருங்கேடு.

ஒரு மாணவன் மிக எளிய சுற்று ஒன்றை வரையப் புகுவதாகக் கொள்க. ஒரு மின்கலம், ஒரு சொடுக்கி, ஒரு தடையம், ஒளி உமிழும் சிறு விளக்கு ஒன்று, அவ்வளவே. பழைய பதிப்புகளில், வரைந்த உறுப்பொன்றைச் சுட்டியால் தொட்டால் ஒன்றும் நிகழாது. பல உறுப்புகளைத் தேர்ந்துகொள்ளலாமென்று அவற்றைச் சுற்றிக் கட்டமிட்டு இழுத்தால், தேர்வதற்கு மாறாக, அப்பகுதி முழுவதும் பெயர்ந்து சுட்டியோடு ஒட்டிக்கொண்டு அலையும். உலகிலுள்ள வேறு மென்பொருள்கள் எல்லாம் ஒரு வழி, இஃது ஒரு வழி. உறுப்பை நகர்த்த ஒரு விசை; கம்பியோடு சேர்த்து நகர்த்த வேறொரு விசை. முன்னதை அழுத்தினால் உறுப்பு மட்டும் போகும். கம்பி பழைய இடத்திலேயே அறுந்து கிடக்கும். கட்டக்கோட்டின் அளவை மாற்றிவிட்டு வரைந்தாலோ, கம்பியும் உறுப்பின் முனையும் கண்ணுக்குத் தொட்டாற்போல் தோன்றும், கணக்கில் தொட்டிரா.

இவற்றையெல்லாம் கடந்து, சுற்று சரிதானா என்று மென்பொருளையே வினவுகிறான் மாணவன். மின்னூட்டும் முனைக்கு மின்சாரம் எங்கிருந்தும் வரவில்லை என்று பிழை காட்டுகிறது. மின்கலத்தைத்தான் இணைத்திருக்கிறானே! ஆனால், அவன் இட்டது இரண்டு முனைகள் கொண்ட ஓர் இணைப்பி. அதன் வழியே மின்சாரம் உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்பதை மென்பொருள் அறியாது. 'மின்சாரம் இங்கிருந்து வருகிறது' என்று தெரிவிக்கும் கொடி ஒன்றை அக்கம்பியில் நட வேண்டும். அக்கொடி உறுப்புத் திரட்டில் உள்ளது. ஆனால், அப்படியொன்று உண்டென்பதைப் பிழைச்செய்தி அவனுக்குச் சொல்லவில்லை. எத்தனை மாணவர் தம் சுற்றில் இல்லாத பிழையைத் தேடி இரவுகளைக் கழித்தனரோ!

2018-க்கு முற்பட்ட பதிப்புகளில் அடுத்துக் காத்திருந்தது இன்னும் பெரிய அலைச்சல். சுற்றுப்படம் வரைய ஒரு செயலி. ஒவ்வோர் உறுப்புக்கும் பலகையில் அமையும் சுவட்டைப் பொருத்த ஒரு செயலி. பலகை வரைய மற்றொன்று. முதலாவதில் இணைப்புப் பட்டியலைக் கோப்பாக எழுதி, மூன்றாவதில் அக்கோப்பைத் தேடிப் படிக்கச் செய்ய வேண்டும். படத்தில் ஒரு தடையத்தை மாற்றினால், மீண்டும் எழுது, மீண்டும் படி. பலகை வரையும் செயலியிலோ இரண்டு வரைதிரைகள். சில கட்டளைகள் பழைய திரையில் மட்டும் இயங்கும். தடங்கள் ஒதுங்கி வழிவிடும் செர்னின் ஏற்பாடு புதிய திரையில் மட்டும் இயங்கும். ஒரே வீட்டில் அடுக்களைக்குப் போக ஒரு வாயிலும் உண்ணப் போகத் தெருவைச் சுற்றி வேறொரு வாயிலும் வைத்தாற்போல!

இத்துன்பங்களை எடுத்துரைத்த புதியோர்க்குப் பழகியோர் சிலர் தந்த விடை ஒன்றே: 'கையேட்டைப் படி.' அவ்விடையில் ஒரு பாதி உண்மையும் உண்டு என்பதை மறைத்தல் முறையன்று. எல்லா இடர்ப்பாடும் கருவியால் வருவதன்று. தொழிலால் வருவதும் உண்டு. எடுத்துக்காட்டாக, 0603 என்று குறிக்கப்படும் சிறு தடையத்தை நோக்குக. அங்குல வழக்கில் அது 1.6 மில்லிமீட்டர் நீளமும் 0.8 மில்லிமீட்டர் அகலமும் உடையது. மில்லிமீட்டர் வழக்கில் அதே 0603 என்னும் எண் 0.6-க்கு 0.3 மில்லிமீட்டர் உறுப்பைக் குறிக்கும். தும்மினால் பறந்துவிடும் துகள் அது. இக்குழப்பத்தை உண்டாக்கியது கீகேட் அன்று, உலக வணிகம். கீகேட் செய்ததோ நன்மை: தன் திரட்டில் அவ்வுறுப்பின் பெயரிலேயே 0603 என்பதோடு 1608 என்னும் மில்லிமீட்டர்க் குறியையும் சேர்த்தெழுதி வைத்திருக்கிறது. நீண்டு அச்சுறுத்தும் பிற பெயர்களும் அத்தகையனவே. கம்பிக்கால் தடையம் ஒன்றின் சுவட்டுப் பெயரைப் பிரித்துப் படித்தால், உடல் நீளம் 6.3 மில்லிமீட்டர், தடிப்பு 2.5, கால் இடைவெளி 10.16, கிடந்த நிலை என்று அளவுகோலே அதனுள் இருக்கும். படிக்கக் கற்றவனுக்கு அது வரம். கற்பிப்பார் இல்லாதவனுக்கு அது பிதற்றல்.

திரிதடையங்களின் செய்தியும் இதுவே. பிசி 547, 2என் 3904 என்னும் இரண்டும் ஒரே அளவின, ஒரே தோற்றத்தின. தட்டை முகத்தை நோக்கி எண்ணினால் ஒன்றின் கால்கள் ஏற்பி, அடிவாய், உமிழி என நிற்கும். மற்றதன் கால்கள் உமிழி, அடிவாய், ஏற்பி எனத் தலைமாறி நிற்கும். மாற்றி வைத்தால் எம்மென்பொருளும் தடுத்துச் சொல்லாது. இத்தகைய அருமைகளைக் கற்றே தீர வேண்டும். இவற்றில் குறுக்குவழி கேட்பவன் தொழிலுக்கு ஆகான்.

ஆனால், தொழிலின் அருமையைக் காட்டிக் கருவியின் முரணுக்கு முட்டுக்கொடுப்பது நேர்மையன்று. கட்டமிட்டு இழுத்தால் உறுப்புகள் பெயர்ந்து ஓடுவதற்கும் மின்னியலுக்கும் என்ன தொடர்பு? அறிந்துகொண்டால் அறிவு வளருமா? அது வெறும் பழக்கம். முதலில் வந்தவர்க்குக் கைவந்துவிட்ட பழக்கம். தாம் பட்ட பாட்டைப் பின்வருவோரும் படட்டுமே என்னும் எண்ணம், ஆசிரியர்க்கும் ஆகாது, கருவி ஆக்குவோர்க்கும் ஆகாது.

கீகேட்டை ஆக்கியோர் இதனை உணர்ந்தனர் என்பதே அவர்தம் பெருமை. 2018-இல் வந்த 5-ஆம் பதிப்பில், இணைப்புப் பட்டியற் கோப்பின் இடைத்தரகு நீங்கி, ஒரே கட்டளையில் சுற்றுப்படத்தின் மாற்றம் பலகைக்குச் சென்றது. ஈகிள் கோப்புகளைத் திறந்து படிக்கும் ஆற்றலும் அப்பதிப்பிலேயே வந்தது; வாடகை வீட்டிலிருந்து வெளியேறியோர் தம் தட்டுமுட்டுகளோடு குடிபுக வழி பிறந்தது. 2021 திசம்பரில் வந்த 6-ஆம் பதிப்பே உண்மையான திருப்பம். தொட்டால் தேரும், இழுத்தால் நகரும் என்று உலகறிந்த முறை படத்திற்கும் பலகைக்கும் பொதுவாயிற்று. உறுப்புகளின் குறியீடுகள் சுற்றுப்படக் கோப்பிற்குள்ளேயே அடக்கப்பட்டன. அதற்கு முன், துணைக்கோப்பொன்றை உடன் அனுப்ப மறந்தால், பெற்றவர் திரையில் உறுப்புகள் இருந்த இடங்களில் வினாக்குறிகளே நிற்கும். இம்மாற்றங்களாற் பழகியோர் சிலர் முகஞ்சுளித்தனர். ஆயினும், மென்பொருளின் ஆற்றலில் ஓர் அணுவும் குறையவில்லை. எளிமைப்படுத்தினால் தரம் தாழும் என்போர்க்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

குறைகள் இன்னும் உள்ளன. அந்த மின்சாரக் கொடி இன்றும் நடப்பட வேண்டியதே. பலகையின் விளிம்பைத் தனி ஏட்டில் மூடிய வளைவாக வரையாவிடில் பலகையே இல்லையென்று கொள்ளப்படும். புதியவன் அதனை எங்ஙனம் அறிவான்? ஏடுகளின் கோப்புகளை எழுதி முடித்த பின், துளைகளின் கோப்பைத் தனியே எழுத வேண்டும். அதனை மறந்து அனுப்பினால், பணி தடைப்பட்டுத் திரும்பி வரும்.

இனி, இதனைத் தமிழ்நலங் கருதுவோர் நோக்க வேண்டிய முறை ஒன்றுண்டு. கீகேட்டின் பட்டிகளையும் செய்திகளையும் எம்மொழியினும் பெயர்த்துக்கொள்ள அதன் மூலக்கோப்புகள் திறந்து கிடக்கின்றன. நிறுவனத்தின் வாயிலிற் காத்துக் கிடக்க வேண்டுவதில்லை. ஆட்சியாளர் ஆணை வேண்டுவதில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழிப் பொறியியல் தொடங்கியபோது கட்டடவியலும் எந்திரவியலுமே அதிற் சேர்ந்தன, மின்னணுவியல் சேரவில்லை. கல்வித்துறை தரும்வரை காத்திராமல், கருவியின் வாயிலாகவே ஒரு துறையைத் தமிழாற் பயில இங்கு இடமிருக்கிறது.

ஆனால், எப்படிப் பெயர்ப்பது? இங்கும் வாயில் இடுக்காகிவிடும் இடர் உண்டு. அதனை ஆக்குவோர் தமிழ்ப்பற்றாளராகவே இருத்தல் கூடும். மின்னைத் தேக்கும் உறுப்பை ஒருவர் மின்தேக்கி என்கிறார். மற்றவர் கொண்மி என்கிறார். இரண்டும் நல்ல தமிழே. ஆனால், ஒரே திரையில் ஓரிடத்தில் ஒன்றும் மறுபுறத்தில் மற்றொன்றும் நின்றால், மாணவன் அவற்றை இருவேறு உறுப்புகள் என்றே எண்ணுவான். மின்தடை என்பதோ இன்னும் வேடிக்கை. அச்சொல் கேட்டால் மக்கள் விளக்கைத் தேடுவர். மின்சாரம் நின்றுபோவதையே அது தெருவில் குறிக்கிறது. ஆதலின் உறுப்புக்குத் தடையம் என்பதே தகும். தடயத்தோடு மயங்குமே என்பார்க்கு, ஓர் ஐகாரத்தைக் காத்துக்கொள்ளும் அளவுக்குத் தமிழ் மாணவர் வல்லர் என்பதே விடை.

அகரமுதலியை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு பெயர்த்தால் நேரும் கேடுகள் பல. ஆங்கிலத்தில் வலை என்னும் பொருட்சொல்லால் குறிக்கப்படுவது இங்கு வலையன்று. ஒன்றோடொன்று தொட்டு நிற்கும் முனைகளின் கூட்டம். அதற்கு இணைப்பு என்பதே போதும். பல கம்பிகளின் கற்றைக்குப் பேருந்து என்று எழுதி நகையாட்டுக்கு ஆளாவானேன்? உறுப்புகளைத் தொகுத்து வைத்த இடத்தில் நூல் ஒன்றும் இல்லை; அதனை நூலகம் என்பதைவிடத் திரட்டு என்பது பொருந்தும். உறுப்பு பலகையில் ஊன்றும் அமைப்பை அடித்தடம் என்று பெயர்த்தோர் உளர். செம்புக்கோட்டுக்குத் தடம் என்னும் பெயரும் வேண்டுமே! ஒன்றைத் தடம் என்றும் மற்றதைச் சுவடு என்றும் பிரித்துக்கொண்டால் இரண்டும் தெளியும். ஏட்டிலிருந்து ஏட்டுக்கு மின்சாரத்தைக் கடத்தும் துளையை ஊடுதுளை எனலாம். திருகாணி புகும் துளையினின்று அது வேறுபடும். பற்றாசு என்னும் சொல்லோ பொற்கொல்லர் உலைக்களத்திலிருந்தே ஆயத்தமாக வந்து நிற்கிறது. அதற்குப் புதுச்சொல் படைக்கப் புகுவது வீண்வேலை.

இவ்வேறுபாடுகள் பலகையை ஒருமுறையேனும் வரைந்து பார்த்தவனுக்கே புலப்படும். ஈழத்து மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அவர் ஆண்ட சொற்களிற் பல இன்றைய தனித்தமிழ் நெறிக்கு ஒவ்வா. ஆயினும், அவர் பின்பற்றிய வரிசை ஒவ்வும்: கையில் தொழில், எதிரில் மாணவர், அதன் பின்னரே சொல். சொல்லாக்க விருப்புடைய அன்பர்கள் முதலில் அந்த நான்கு உறுப்புச் சுற்றை வரைந்து, கொடி நட்டு, சுவடு பொருத்தி, விளிம்பு கட்டி, துளைக்கோப்பையும் மறவாது எழுதிப் பார்த்தல் நன்று. பட்டியிற் சொல்லுக்குரிய இடம் சிறிது என்பதும் அப்போது தெரியும். நான்கு சொல் கூட்டிய நெடுந்தொடர் அங்கு வால் அறுந்து நிற்கும்.

2023-இல் வந்த 7-ஆம் பதிப்பு முதல் கணினியிலுள்ள எழுத்துருக்களைப் பலகைமேற் பொறிக்க இயலும். எனவே, மின்கலம், ஒளி, சொடுக்கி என்று பலகையிலேயே தமிழ் எழுதலாம். ஒன்று மட்டும் நினைவிற் கொள்ளத் தக்கது. 1 மில்லிமீட்டர் உயரத்தில் உரோமன் எழுத்துத் தெளிவாக விழும்; அவ்வளவில் தமிழ் மெய்யின் புள்ளி மையில் தேய்ந்து மறைந்து, ககர மெய் வெறுங் ககரமாக நிற்கக்கூடும். உயரத்தை 1.5-க்கோ 2-க்கோ கூட்டி, தடித்த எழுத்துருவைத் தேர்ந்து, தாளில் அதே அளவில் அச்சிட்டுப் பார்த்த பின்னரே பலகையை ஆக்கத்திற்கு அனுப்புக.